ஏழாவது கல்

நேற்று நம் ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. திருச்சியில் நம் ஆள் ஒருவரின் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடம். ஏசி போட்ட கூடத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு எடுக்கிறார்கள், பூந்தொட்டிக்குப் பின்னாலிருந்து இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கோ அறிவியல் கேள்வியோ இருக்கிறது. விடை கண்டுபிடித்தால் அடுத்த சீட்டு இருக்கும் இடம் தெரியும். புதையல் தேடுவதுபோலப் பாடம் படிக்கிறார்களாம். அதற்குக் கீழே நம் குழுவின் அட்மின் எழுதினார்: “நம்ம காலத்துல இதெல்லாம் ஏது? கொடுத்து வச்ச பிள்ளைங்க!” அதற்கு உங்களில் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. குழுவில் திட்டினால் ‘அரசியல் வேண்டாமே’ என்று யாராவது ரோஜாப்பூ அனுப்புவீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

ஏதா? இருந்தது. இந்த ஏசிக் கூடத்துக்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பே, கூரை ஒழுகுகிற நம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஒரே ஒரு தை, மாசி, பங்குனி. அதற்குக் குழி தோண்டியது நாம். அட்மின் அவர்களே, கடப்பாரை உங்கள் கையில் இருந்தது.

ஆவூர் டீச்சரை நினைவிருக்கிறதா? வேலை இன்னும் நிரந்தரமாகாமல் நம் ஊருக்கு வந்தார். ஆவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவார், சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறுவார். சேலையில் சோப்பு வாசனை வரும், விரல்களில் கார்பன் தாளின் நீலம் ஒட்டியிருக்கும். நம் பெரிய வாத்தியார் பாடம் நடத்துவதென்றால் வாய்ப்பாடு சொல்ல வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இந்த டீச்சர் வந்த இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், நான்கு நான்கு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தாள் கொடுத்தார். தாளில் பத்து வரி. “ஊருக்குள்ள இருக்குற பொருளுங்கதான். தேடிக் கண்டுபிடிச்சுத் திங்கக்கெழம கொண்டு வாங்க” என்றார். பள்ளிக்கூடம் நம்மை வெளியே துரத்தியது அன்றுதான் முதல் தடவை. அதுவரை உள்ளே துரத்தித்தான் பார்த்திருந்தோம்.

முதல் தாள் அறிவியல். வகுப்பில் இருந்தது ஒரே காந்தம், லாட வடிவம், சிவப்புச் சாயம் பாதி போனது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மணி நேரம். காந்தம் பிடிக்கிற ஆறு பொருள், பிடிக்காத ஆறு பொருள் வேண்டும். நாங்கள் ஆணி, லாடம், குடைக்கம்பி என்று அலைந்தோம். தையல்காரர் மகள் மட்டும் காந்தத்தைச் செம்மண்ணில் போட்டு இழுத்தாள். எடுத்துப் பார்த்தால் அதன் இரண்டு முனையிலும் கருமணல் மீசை முளைத்திருந்தது! நாம் தினமும் மிதித்து நடந்த மண்ணுக்குள் இரும்பு இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரியும். அந்தக் கருமணலை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வெகுநாள் வைத்திருந்தேன். எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டாவது தாள் தமிழ். வீட்டில் பேச்சோடு பேச்சாக விழுகிற பழமொழி ஐந்தைப் பிடித்து, யார் யாரிடம் எப்போது சொன்னது என்று எழுதிவர வேண்டும். தையல்காரர் மகள் ஐந்தையும் ஒரே சண்டையில் பிடித்துவிட்டாள். “ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம். சொன்னது அம்மா. அப்பா மிசினைக் குறை சொன்னபோது” என்று சத்தமாகப் படித்தாள். வகுப்பு உருண்டு சிரித்தது. மறுநாள் தையல்காரர் வந்து, “டீச்சர், எங்க வீட்டுப் பேச்சையெல்லாம் பாடமாக்காதீங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது தாள் கணக்கு. கூம்பு, உருளை, கோளம் என்று உருவங்களைத் தேட வேண்டும். இதைக் கவனமாகப் படியுங்கள், பின்னால் நடந்ததற்கு இதுதான் வித்து. உருளைக்குப் பூசாரி மகன் அம்மிக் குழவியைத் தலையில் சுமந்து வந்தான். பின்னாலேயே அவன் அம்மா, பாதி அரைத்த மிளகாய் கையோடு வந்தார். “எடுபட்ட பயலே, அம்மியில மொளகா காயுது, நீ இங்க என்னடா படிச்சுக் கிழிக்கிற?” டீச்சர் குழவியைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா போனதும், “இவ்ளோ கனமானதைத் தூக்கிட்டு வந்ததுக்காக” என்று அவனுக்கு மூன்று ஸ்டார் ஒட்டினார். ஜிகினாத் தாளில் வெட்டிய ஸ்டார், சுவரில் எங்கள் குழுவின் பெயருக்கு நேரே. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றுதான்.

அன்றைக்கு என் மண்டையில் ஒரு விஷயம் ஆணி அடித்ததுபோல இறங்கியது. கண்டுபிடித்தால் போதாது, கொண்டுவர வேண்டும். கனமாகக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. டீச்சர் மேல் எனக்கு இருக்கிற முதல் கோபம் இது. விளையாட்டாகத்தான் செய்தார். பிள்ளைகள் விளையாட்டை எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மாசி கடைசியில் நான்காவது தாள் வந்தது. நம் கண்மாய்க்கு ஏழு எல்லைக் கல். சர்க்கார் அளந்து நட்டவை. தலையில் கோடு வெட்டிய கருங்கல், பாதிக்குமேல் மண்ணுக்குள் இருக்கும். டீச்சர் கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சிக் கேட்டு, கண்மாயின் வரைபடத்தை மெல்லிய தாளில் பென்சிலால் எடுத்து வந்திருந்தார். ஏழு கல்லையும் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நேர்கோட்டில் எத்தனை தப்படி என்று எண்ணி எழுத வேண்டும், அதை வைத்துக் கண்மாயைச் சிறியதாக வரைந்து சுற்றளவு காண வேண்டும். தாளின் கடைசி வரி இது: ‘கற்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். யாரும் தொடக்கூடாது.’ அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு. ஒன்பது குழுவுக்கு ஒன்பது தாள். ஒன்பதிலும் அந்தக் கோடு இருந்தது.

எங்கள் குழுவில் நான், தையல்காரர் மகள், பூசாரி மகன், அட்மின். சனிக்கிழமை காலையிலேயே ஆறு கல் கிடைத்துவிட்டது. எல்லாக் குழுவுக்கும் ஆறு கிடைத்தது. ஏழாவது யாருக்கும் கிடைக்கவில்லை. நீங்களெல்லாம் கரையைச் சுற்றிச் சுற்றி வந்து, தொலைந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். நான் வரைபடத்தில் இருந்த அளவைத் தப்படியாக மாற்றிப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு வந்தது. ஆறாவது கல்லில் முதுகை வைத்து நேராக எண்ணிக்கொண்டே நடந்தேன். நூற்று முப்பதில் முள்வேலி குறுக்கே வந்தது. பஞ்சாயத்து பிரசிடெண்டின் கடலைக் காடு. கணக்கு வேலியோடு நிற்கவில்லை, அதனால் நாங்களும் நிற்கவில்லை. வேலிக்குள் நுழைந்து நூற்று எண்பத்தேழாவது தப்படியில் ஒரு சோளத்தட்டைக் குவியல். அதை விலக்கினால், உள்ளே கல்.

எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கணக்கு என்பது தாளில் மட்டும் இல்லை, அது தரையில் ஒரு இடத்தைக் கைகாட்டும் என்று பத்து வயதில் எனக்குத் தெரிந்த நிமிடம் அது. பிற்பாடு நான் படித்த படிப்பு எதுவும் அந்த நிமிடத்துக்கு ஈடாகவில்லை.

அந்த நிமிடத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். “அங்கிட்டுப் பாரு, அடுத்த குரூப்பு வருது” என்றார் அட்மின். அப்போது அவருக்கும் பத்து வயதுதான். “அவுங்களும் பாத்துட்டா நமக்கு என்ன ஸ்டாரு?” தையல்காரர் மகள், “தொடக்கூடாதுன்னு போட்டிருக்குடி” என்றாள். “கொண்டுபோயிட்டா மூணு ஸ்டாரு” என்றேன் நான். சொன்னது நான்தான். அதை யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

முதல்நாள்தான் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். மண் இளகிக் கிடந்தது. அடுத்த குழு கரையோடு திரும்பிப் போனதும் அட்மின் வீட்டிலிருந்து கடப்பாரை வந்தது. கல்லை நெம்பிப் பனைமட்டையில் ஏற்றி, நான்கு பேரும் இழுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, திங்கட்கிழமை வரை விறகுக்குப் பின்னால் மறைத்து வைத்தோம்.

திங்கட்கிழமை டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

“இது எங்கேயிருந்து பாப்பா?”

“பிரசிடெண்ட் கடலைக் காட்டுக்குள்ள இருந்துச்சு டீச்சர். வேலியத் தாண்டி அம்பத்தேழு தப்படி.”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து பெரிய வாத்தியாரிடம் போனார். பெரிய வாத்தியார் கல்லைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பிரசிடெண்ட் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நல்லபடியாகப் பேசி முடித்துவிடலாம் என்று அவர் கணக்கு. ஆட்டுக்கு வந்த வியாதிக்கு ஓநாயிடம் வைத்தியம் கேட்டார்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இது புரியாது. நம் ஊரில் எல்லைக் கல்லைப் பிடுங்குகிறவன் வம்சம் விளங்காது என்று ஒரு பயம் உண்டு. பக்கத்துக்காரன் வரப்பைக் கூசாமல் வெட்டித் தின்கிறவன்கூடக் கல்லில் கை வைக்கமாட்டான். பிரசிடெண்டும் அந்தப் பயத்தில்தான் இருந்தார். கண்மாய்க்குள் அறுபது தப்படி வேலியைத் தள்ளிப் போட்டவருக்கு அந்தக் கல்லைத் தொட மட்டும் கை வரவில்லை. தட்டையைப் போட்டு மூடி வைத்துக்கொண்டு, தானாக விழாதா என்று காத்திருந்தார். நாங்கள் நான்கு பேரும் போய் அவர் தொடத் துணியாத வேலையைச் செய்து கொடுத்துவிட்டோம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கடிபடுகிறது.

அவர் வந்தார். கோபப்படவில்லை. “சின்னப் பிள்ளைங்க, வெளையாட்டுப் புத்தி” என்று என் தலையைத் தடவினார். “ஆனா சர்க்கார் கல்லு டீச்சரம்மா. பிடுங்கச் சொன்னவுங்க மேல கேசு வரும்ல?”

“நான் பிடுங்கச் சொல்லலைங்க.” டீச்சர் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினார். “கண்மாய்க் கல்லு ஒங்க வேலிக்குள்ள எப்படிங்க இருந்துச்சு?”

பெரிய வாத்தியார் இருமினார். பிரசிடெண்ட் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்த ஒரு கேள்விதான் டீச்சரின் வேலைக்கு உலை வைத்தது. டீச்சர் பிள்ளைகளைத் திருட்டுக்கு ஏவுகிறார், சர்க்கார் கல்லைப் பிடுங்கச் சொல்கிறார் என்று புகார் போனது. வியாழக்கிழமை விசாரணைக்குக் கல்வி ஆபீசர் வருகிறார் என்றார்கள். வேலை நிரந்தரமாகாத டீச்சர். புகார் உண்மையென்று ஆனால் வேலை அன்றோடு போய்விடும். பத்து வயதிலும் இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டீச்சர் எல்லாக் குழுவின் நோட்டையும் வாங்கி வைத்திருந்தார். தப்படிக் கணக்கெல்லாம் அதில் இருந்தது. செவ்வாய்க்கிழமையே பெரிய வாத்தியார் அவற்றை வாங்கிக்கொண்டார். பிறகு அந்த நோட்டுகளை யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். அப்பா பிரசிடெண்ட் நிலத்தை வாரத்துக்கு, விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுதுகொண்டிருந்தார். எங்களுக்கென்று கடைமடையில் கொஞ்சம் வயல் இருந்தது.

“அந்தத் தாளு இருக்கா ஆத்தா?”

கொடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கடைசி வரியை வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். மடித்துத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

“டீச்சர்தான் கொண்டாரச் சொன்னாங்கன்னு சொல்லிரு. இதை அடுப்புல போட்டுரு.”

“அவங்க சொல்லலப்பா.”

“கல்லைப் பிடுங்குன பாவம் சும்மா விடாது ஆத்தா. கை ஒன்னோடதா இருந்தாலும், சொன்னவுங்களைத்தான் போய்ச் சேரும். நீ பொம்பளப் பிள்ளை, நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போறவ. அவங்களுக்கு இந்த ஊரு இல்லாட்டி இன்னொரு ஊரு. நமக்கு ஏது இன்னொரு ஊரு?”

அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என் தலையில் விழ இருந்த சாபத்தை, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் தலைக்கு மாற்றி வைத்தார். அதைப் பாசம் என்று நம்பினார். நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் வீடுகளிலும் அன்று சாயங்காலம் இதே பேச்சுதான் நடந்தது. பிறகு நீங்களே ஒவ்வொருவராக என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

தாளை அடுப்பில் போட மனம் வரவில்லை. வியாழக்கிழமை அதைப் பாவாடைக்கு அடியில், தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தேன். ஏன் எடுத்துப்போனேன் என்று தெரியாது. சன்னலுக்கு வெளியே பிரசிடெண்ட் நின்றார், அவருக்கு ஓரடி பின்னால் அப்பா.

ஆபீசர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார். “பயப்படாம சொல்லும்மா. கல்லைக் கொண்டு வரச் சொன்னது யாரு?”

“டீச்சர்தான் சார்.”

டீச்சர் அதிர்ச்சி அடைந்ததுபோலக்கூடத் தெரியவில்லை. என் பக்கம் வந்து நின்றார். “தாளு வச்சிருக்கியா பாப்பா? கடைசி வரிய மட்டும் சாருக்கு வாசிச்சுக் காட்டு.”

“தொலைஞ்சுபோச்சு டீச்சர்.”

அவர் வகுப்பைப் பார்த்தார். “வேற யாருகிட்டயாவது இருக்கா?”

ஒன்பது தாள். முப்பத்தாறு பேர். ஒருவர்கூடத் தலையை நிமிர்த்தவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று டீச்சருக்கு நாம் பிடித்துக் கொடுத்த பழமொழிகளில் ஒன்று இருந்ததே, அது அன்றைக்குத்தான் எனக்குப் பாடமாயிற்று. பூசாரி மகன் அழுதான். அழுதானே தவிர வாயைத் திறக்கவில்லை.

மத்தியான பஸ்ஸில் டீச்சர் போய்விட்டார். பஸ் நிற்கிற இடத்தில் பெண்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள், பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று. அன்று சாயங்காலமே தாளை அடுப்பில் போட்டேன். மறுநாள் பெரிய வாத்தியார் வந்து பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வைத்தார். சுவரிலிருந்த ஸ்டார்களை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துச் சர்வேக்காரர்கள் வந்து கல்லைப் புதிதாக நட்டார்கள். பிரசிடெண்ட் கைகாட்டிய இடத்தில், வேலிக்கு வெளியே, கண்மாய்க்குள்.

அதற்குப் பிறகு கண்மாய் என்ன ஆனது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேலி உள்ளே போனால் அடுத்த வேலிக்குத் தைரியம் வரும். ஆளுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார்கள். முதலில் தண்ணீர் எட்டாமல் போனது கடைமடைக்கு. நமக்கு இன்னொரு ஊர் ஏது என்று கேட்ட அப்பா, வயலை விட்டுவிட்டுத் திருச்சியில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். சாகும்வரை அந்தத் தாளைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்கு வருடம் முன்பு விராலிமலை பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. நடை மாறவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

“டீச்சர், நான் அந்தக் கல்லைக் கொண்டாந்த பிள்ளை.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உக்காருங்க” என்றார். நீ என்று சொல்லவில்லை. அதுவே எனக்கு அறைந்ததுபோல இருந்தது.

உட்கார்ந்தேன். எத்தனையோ வருடமாக வாய்க்குள் உருட்டி வைத்திருந்ததைச் சொன்னேன். “அன்னைக்குத் தாளு என்கிட்டதான் இருந்துச்சு டீச்சர். பாவாடைக்கு அடியில.”

“தெரியும். ஓரம் வெளியில தெரிஞ்சுச்சு.”

டீச்சர் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். “கையை நீட்டி எடுத்துருக்கலாம். பத்து வயசுப் பிள்ளைய ஆபீசர் முன்னால பொய்க்காரியாக்க வேணாம்னு நெனச்சேன். அது என்னோட முட்டாள்தனம். எடுத்துருக்கணும். அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல. என் மேலயும் ஆறல, ஒங்க மேலயும் ஆறல.”

“மன்னிச்சுருங்க டீச்சர்.”

“அதை விடுங்க.” கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். “ரெண்டு வருசம் வீட்டுல இருந்தேன். பெறகு வேற பள்ளிக்கூடத்துல வேலை கெடச்சுச்சு. முப்பத்து நாலு வருசம் வேலை பாத்தேன். ஒரு பிள்ளையக்கூட வாசலைத் தாண்ட விட்டதில்ல. புத்தகத்தைத் திற, எழுது, மூடு. ஒரு பையன் ஒருநாள் கையில ஓணானைப் புடிச்சுக்கிட்டு, இதுக்கு முதுகெலும்பு இருக்கா டீச்சர்னு ஓடியாந்தான். கண்ணு அப்புடி மின்னுது அவனுக்கு. வெளியில போட்டுட்டு வந்து எடத்துல உக்காருன்னு சொல்லி, அடிச்சேன்.”

பஸ் வந்தது. டீச்சர் ஏறி, சன்னல் பக்கம் இல்லாத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தார்.